அவருடைய இடுப்பெலும்பு

பிப்ரவரி 12, வியாழன்

என் வீட்டுக்காரர் காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்கு இரண்டு வருடமாகத் தினமும் நான்தான் கட்டுப் போட்டேன். ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை உறிஞ்சி, அதில் பிரித்தெடுத்த செல்லைப் புண்ணைச் சுற்றி ஊசியால் போட்டார்கள். மூன்று மாதத்தில் மூடிவிட்டது.

இன்று கரும்பு வெட்ட வந்தவர்களிடம் காலைத் தூக்கிக் காட்டினார்.

“வேற யாரும் இல்லப்பா, என் எலும்புதான் என்னைக் காப்பாத்திச்சு.”

பக்கத்தில்தான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எலும்பின்மேல் பொறாமை வருமா? வந்தது.

சாயங்காலம் பழக்கத்தில் வெந்நீரும் பஞ்சும் கொண்டுபோனேன்.

“அதான் ஆறிப்போச்சே, இன்னும் இன்னாத்துக்கு?” என்று வெளியே கிளம்பிவிட்டார். கட்டுப் போடும் அந்த அரைமணி நேரம்தான் அவர் என்னோடு பேசுவார்.

புண் திரும்ப வரட்டும் என்று நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்று எழுதி வைக்கிறேன்.