தபால் பெட்டியில் இரண்டு பெயருக்கு இடம்

அக்கா,

எங்கள் கட்டடத்தில் தபால் பெட்டிகளை மாற்றுகிறார்கள். பெட்டியில் யார் யார் பெயர் வரவேண்டும் என்று கேட்டு ஒரு படிவம் வந்திருந்தது. பேனாவோடு உட்கார்ந்தவன் கால் மணி நேரம் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது, நான் இப்போதுதான் எழுதுகிறேன். எதையும் தள்ளிப்போடுகிற என் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டாயிரத்து ஆறில், இலைகள் கொட்டத் தொடங்கிய சமயம், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ரொம்சோஸ் பகுதியில் உங்கள் வீட்டு அறைக்குக் குடிவந்தேன். தமிழ்க் கடைப் பலகையில் நீங்கள் ஒட்டியிருந்த வாடகைச் சீட்டைப் பார்த்துத்தான் வந்தேன். நான் திருச்சிக்காரன், நீங்கள் மட்டக்களப்பு. முதல் வாரம் நீங்கள் பேசியதில் பாதிக்கு வெறுமனே தலையாட்டினேன். வாக்கியத்துக்கு நாலு ஆங்கிலச் சொல் போட்டு நான் பேசுவதைக் கேட்டு நீங்கள் வாயைப் பொத்திச் சிரித்தீர்கள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து சமைத்து, எனக்கும் ஒரு தட்டில் போட்டு மூடி வைப்பீர்கள். வாடகைப் பேச்சில் அது இல்லை. உங்கள் கணவர் தொலைவில் பேர்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார், லீவு கிடைத்தால் வருவார் என்றீர்கள். யார் கேட்டாலும் அப்படியே சொல்லச் சொன்னீர்கள். நானும் சொன்னேன்.

வந்த வாரமே வரி அலுவலகத்துக்குப் போய், பாஸ்போர்ட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் காட்டி, பதினொரு இலக்க எண்ணுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். நீங்கள் எல்லோரும் 'பெர்சோன்நும்மர்' என்று சொல்லும் அந்த எண் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை, வரி அட்டை இல்லை, சம்பளமும் இல்லை. எண் தபாலில் வரும் என்ற அலுவலர், பெட்டியில் என் பெயர் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். திருச்சியில் எங்கள் தெருவில் பூட்டிய வீட்டுக்குக் கடிதம் வந்தால் தபால்காரர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். பெட்டியில் பெயர் இல்லை என்பதற்காகக் கடிதத்தைத் திருப்பி அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆறு வாரம் கழித்துப் போய் விசாரித்தபோது, அனுப்பினோம், திரும்பி வந்துவிட்டது என்றார்கள். பெயரைப் போடுங்கள், மறுபடி அனுப்புகிறோம் என்றார்கள். அன்று மாலை உங்களிடம் கேட்டேன். பெட்டியில் இரண்டு பெயருக்குத்தான் இடம் இருந்தது, மேலே அவர் பெயர், கீழே உங்கள் பெயர். "பாப்பம்" என்றீர்கள். எங்கள் ஊரில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தமோ அதுதான் உங்கள் ஊரிலும் என்று எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒரு தாளில் என் பெயரை எழுதிப் பெட்டியின் ஓரத்தில் நானே ஒட்டினேன். தினமும் விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு வருகிறவன், அது ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இரண்டாவது கடிதமும் திரும்பிப் போனது. கிறிஸ்துமஸுக்குள் எண் வராவிட்டால் ஒப்பந்தத்தைத் தொடர முடியாது என்று என் அலுவலகத்தில் மேலாளர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குப்பைக் கூடையைத் திறந்தால், தேயிலைச் சக்கைக்கு அடியில் என் பெயர் எழுதிய தாள் கிடந்தது.

அதை எடுத்து உங்கள் முன்னால் நீட்டிச் சொன்னேன். "ஒரு துண்டுத் தாளில உங்களுக்கு என்னக்கா குறைஞ்சிடும்? என் பொழப்பே போகுது. உங்களுக்கெல்லாம் இங்க எல்லாம் கிடைச்சிடுச்சு, இனி வர்றவன் எப்படிப் போனா என்ன, இல்லையா?"

நீங்கள் அரிசி கழுவிக்கொண்டிருந்தீர்கள். கழுவி முடித்து, அடுப்பில் வைத்து, கையைத் துடைத்த பிறகுதான் பேசினீர்கள்.

"அவர் போய் மூண்டு வருசம், தம்பி. அங்க அவருக்கு வேற குடும்பம். அந்தப் பேர் பெட்டியில இருக்கிறபடியாத்தான் இஞ்ச ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேல்ல. பக்கத்தில இன்னொரு ஆம்பிளைப் பேரைக் கண்டா கேள்வி வரும்."

கேட்டதும் மனம் கரைந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். அடுத்த அறையை எங்கே தேடுவது என்றுதான் அப்போது யோசித்தேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் என்னைக் கீழே வரச் சொன்னீர்கள். தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற நேரம், வாசலில் நம் ஆட்கள் நிறையப் பேர். சாவி வெட்டும் கடையில் என் பெயரைப் பொறித்து வாங்கிய ஒரு சின்னத் தகடு உங்கள் கையில் இருந்தது. கத்தி முனையால் அவர் பெயரை நெம்பி எடுத்துவிட்டு அதைச் செருகினீர்கள். மூன்றாம் மாடி அம்மா பக்கத்தில் வந்து, என்ன இது, அவர் வாறதில்லையோ என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓம், அவர் இனி வரமாட்டார். என்னை விட்டுட்டுப் போயிட்டார். இந்தத் தம்பி அறையில வாடகைக்கு இருக்கிறவர். அவருக்குக் கடிதம் வரவேணும்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

பத்து நாளில் எண் வந்தது, வேலையும் நிலைத்தது. மூன்றாம் மாடியில் அந்த மாதம் நடந்த சாமத்தியச் சடங்குக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் மஞ்சள் நீராட்டுக்கு, உங்களுக்கு அழைப்பு வரவில்லை. என்னையும் உங்களையும் சேர்த்து யாரோ கதைத்தது உங்கள் காதுக்கு வந்ததை நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். பனி கரைந்ததும் நான் பக்கத்துப் பகுதியான அம்மருட்டுக்கு வீடு மாறினேன். உங்கள் பெயர் கெடக்கூடாது என்றுதான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அங்கே பால்கனியும் இருந்தது. அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் என்று வந்துபோனேன், அதுவும் குறைந்தது. நன்றி பலமுறை சொல்லியிருக்கிறேன். அடுப்படியில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கவே இல்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மருந்துக் கடை, பல் வைத்தியர், வங்கி என்று எங்கே போனாலும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். முதல் ஆறு இலக்கமும் என் பிறந்த தேதி, அதைச் சரளமாகச் சொல்லிவிடுவேன். மீதி ஐந்தும் இந்த நாடு கொடுத்தவை, உங்களால் என் கைக்கு வந்து சேர்ந்தவை. அங்கே வந்ததும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். எண்ணை மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, அவர்களும் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.