பாலை மரத்தில் ஒரு குழை

ஒட்டுசுட்டான்,
ஆவணி 14, வியாழன்.

அன்பு மகன் பிரதாபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் தங்கச்சி தேனுகாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஐயனாரைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கென்று சிரிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாய் திறந்தால் சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ என்று நீ குறுக்கே விழுவாய், நானும் ஓம் ஓம் என்றுவிட்டு வைத்துவிடுவேன், எட்டு மாதமாய் அப்படித்தான் போகிறது. பெரியம்மாவின் மகள் யதுர்ஷிகா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஜெர்மனிக்கு ஏறுகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளோடும் ஒடியல்மாவோடும் சேர்த்து இதையும் கொடுத்துவிடுகிறேன். தூளைப் போத்தலில் கொட்டி இறுக்கி மூடிவைத்துவிட்டு இதைக் கதிரையில் இருந்து வாசி, பஸ்ஸிலும் ரோட்டிலும் வைத்து வாசிக்காதே.

தேனுகா கிளிநொச்சியில் அதே வேலைதான், சனி ஞாயிறு வருவாள், வந்தால் அலுமாரியைத் திறந்து அப்பாவின் சேட்டுகளை மடித்து மடித்து வைப்பாள். சிறுபோகம் வெட்டியாயிற்று, பக்கத்து வயல் இளையதம்பிதான் முன்னுக்கு நின்று வெட்டுவித்தது. போன கிழமை யானை வந்து வேலியைச் சரித்துவிட்டு வாழைகளையும் முறித்துவிட்டுப் போயிருக்கிறது, போகட்டும். சிவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, நெற்றியில் தாயைப் போலவே வெள்ளைச் சுட்டி. பால் நன்றாய்த்தான் கறக்கிறது, ஆனால் அந்தப் பாலில் ஒரு தேத்தண்ணி என்னால் குடிக்க முடியவில்லை. ஏனென்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன்.

நீ முதன்முதல் அந்தப் பாறைக் காட்டுக்குப் போய்ப் படம் அனுப்பினாயே, நடுக் காட்டுக்குள் வீடு வீடாய் எழும்பி நிற்கிற மஞ்சள் கல்லு, அதன் விளிம்பில் நீ காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்த கண்டறியாத படம், அன்றைக்கு அப்பா சோறு தின்னவில்லை. இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெருப்பித்துப் பார்த்தார். அது மணற்கல் அப்பா, முந்தி கடலுக்குள் கிடந்த மணல் இறுகிக் கல்லாய் வந்தது, மழை பெய்தால் ஊறிப்போய்ப் பிடித்த இடம் கையோடு வரும், ஈரம் காயும்வரை ஏற விடமாட்டார்கள் என்று நீ வலு சந்தோசமாய் விளங்கப்படுத்தினாய். போனை வைத்துவிட்டு, உவனுக்கென்ன விசரே, மணலைப் பிடிச்சுக்கொண்டு தொங்கிறான் என்றார். ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான். காட்டுப் பாதை நெடுக மரத்துக்கு மரம் நிறக்கோடு பூசி வழி காட்டியிருக்கிறார்கள் என்று நீ சொன்னதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார், அங்கயும் மரம்தான் வழி சொல்லுதாம் என்று.

குளக்கட்டு முடிகிற இடத்துப் பாலை மரம் உனக்கு ஞாபகம் இருக்கும். காட்டுக்குள் போகிறவர் ஐயனாருக்கு ஆளுக்கொரு இலைக்குழை முறித்து அதன் கவட்டில் வைத்துவிட்டுத்தான் கால் எடுத்து வைப்பார், திரும்பி வந்ததும் தன்னுடையதைத் தானே எடுத்துப் போடுவார், அடுத்தவர் குழையில் கை வைக்கக்கூடாது. கிடக்கிற குழையை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியும். அந்தப் படம் வந்ததிலிருந்து அப்பா சனிக்கிழமைகளில் இரண்டு குழை வைக்கத் தொடங்கினார். அங்கை காட்டுக்குள்ள போறவனுக்குக் குழை முறிக்க ஆர் இருக்கினம், நான்தான் வைக்கோணும் என்றார். நீ கீழே வந்து இறங்கிட்டன் என்று அனுப்புகிற செய்தி இங்கே இராத்திரி ஒன்பது மணிக்குப் பிறகுதான் வரும், அதனால் உன் குழையை மட்டும் ஞாயிறு விடியத்தான் போய் எடுப்பார். சனி பின்னேரம் பாலை மரத்தில் ஒரு குழை கிடந்தால் அது ஏரம்பற்றை மகன்ரை, அப்பா உனக்கு வைத்தது என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

பிரதாபன், அப்பா வயலால் வந்து படுத்த இடத்தில் நெஞ்சடைத்துப் போனவர் என்று உனக்குச் சொன்னது பொய். நானும் பெரியம்மாவும்தான் அப்படிச் சொல்லச் சொன்னோம், எல்லாரும் அதையே சொன்னார்கள். உன்னிடம் விசா இல்லாத நேரம், செத்த வீட்டைப் போனில் பார்த்து அழுத பிள்ளைக்கு இதையும் சொல்லி என்ன செய்வது என்று நினைத்தோம். அவர் மார்கழியில் அந்தச் சனிக்கிழமை மத்தியானம், சிவலை மாட்டைக் காணவில்லை என்று தேடிக் காட்டுக்குள் போனவர். முதல் நாள் முழுக்க மழை. மலைக்கல்லுகளுக்கு நடுவில் பாசியில் வழுக்கி விழுந்து, இரண்டு கல்லுக்குள் கால் அகப்பட்டுத் தொடை முறிந்து, அடுத்த நாள் காலை பத்து மணிவரை அங்கேயே கிடந்தார். மற்றவர்கள் போனடித்து யானையைக் கூப்பிடுகினம் என்று பகிடி பண்ணுவாரே, அதேபோல் அன்றும் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனார்.

இனி எழுதப்போவது தேனுகாவுக்கும் தெரியாது. அன்று பின்னேரம் மாடு தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. மாடு வந்ததைக் கண்டதும் அவர்தான் அதை வீட்டுப்பக்கம் சாய்த்துவிட்டுவிட்டு நேரே வயல் கொட்டிலுக்குக் காவலுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன், அப்படிப் போகிறவர்தானே. ஆனாலும் மனம் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போனேன். பாலை மரத்தில் ஒரேயொரு குழை. உன்னுடையது என்று நினைத்து, ஐயனாரே பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, வயிறாறச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அன்றைக்கு நீ காட்டுக்கே போகவில்லை, ராசா. பனியில் வழுக்கிக் கால் பிரண்டு ஒரு மாதத்துக்கு நடக்கமுடியாது என்று வெள்ளிக்கிழமை எனக்குத்தான் சொன்னாய், சனி காலை குசினிக்குள் வைத்து நான்தான் அப்பாவுக்குச் சொன்னேன். அப்ப இண்டைக்கு அவனுக்குக் குழை வேண்டாம், போகாதவனுக்கு வைச்சால் ஐயனாருக்குப் பொய் சொன்ன மாதிரி என்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னார். என் வாயால் சொல்லி, என் காதால் கேட்டு, பின்னேரம் மரத்தடியில் நிற்கும்போது எனக்கு அது நினைவு வரவில்லை. என்ன மூதேவி பிடித்ததோ என்னை. விடிய இளையதம்பி வந்து, அண்ணை ஏன் ராத்திரிக் காவலுக்கு வரேல்லை என்று கேட்டபோதுதான் உன் கால் நினைவுக்கு வந்தது.

இளையதம்பியும் ஊர்ப் பெடியன் தர்ஷனும் வேறு நாலு பேரும் போய்க் கண்டுபிடித்தபோது அவருக்கு நினைவு இருந்ததாம். மாடு வந்திட்டுதோ என்றுதான் முதலில் கேட்டாராம். பிறகு, குழை கிடக்குதுதானே, கண்டிட்டு வருவினம் எண்டு பார்த்துக்கொண்டு கிடந்தனான் என்றாராம். இளையதம்பி அதை அவரின் நல்ல குணமென்று எல்லாருக்கும் சொல்லி அழுகிறான், அவனுக்கு விளங்காது. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது. முதல் நாள் பின்னேரமே கொண்டுவந்திருந்தால் தப்பியிருப்பார், இரத்தம்தான் போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். நான் அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். உன் கொப்பர் என்னை நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறார், நான் கண்டுவிட்டுத் திரும்பி வந்தேன். இதை நீ எப்படி எடுத்தாலும் சரி. கோபம் வந்தால் ஏசு, ஆனால் போன் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் காலில் பிழை தேடாதே, அது பிரண்டது உன் குற்றமில்லை. திரும்பவும் நீ அந்தக் கல்லுகளுக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று படங்களில் காண்கிறேன், தனியத்தான் போகிறாய் போல, ஒரு படத்திலும் பக்கத்தில் ஆளில்லை. போகாதே என்று சொல்லமாட்டேன், சொன்னால் கேட்கிற வயதுமில்லை. மழைக்கு அடுத்த நாள் மட்டும் போகாதே. எந்தப் பாதையால் போகிறாய் என்று யாருக்காவது சொல்லிவிட்டுப் போ. அப்பா போன பிறகு நீ இறங்கிட்டன் என்று அனுப்புவதில்லை, ஆருக்கு அனுப்புவது என்று நினைத்தாயோ தெரியாது. சனிக்கிழமைகளில் உனக்கு இப்போது நான்தான் குழை வைக்கிறேன். செய்தி வராததால் அதை எப்போது எடுப்பதென்று தெரியாமல் செவ்வாய் புதன்வரை விட்டுவைக்கிறேன்.

வருகிற மார்கழியில் அப்பாவுக்கு ஒரு வருசம் முடிகிறது, ஆட்டைத் திவசம். இப்போது விசா கையில் இருக்கிறது, எப்படியாவது லீவு எடுத்துக்கொண்டு வா. அன்றைக்கு அவரை மறுபக்கத்து ரோட்டால் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு போனதால் பாலை மரத்தடிக்கு ஒருவரும் வரவில்லை. அப்பாவின் குழை இன்னும் அந்தக் கவட்டிலேயே கிடக்கிறது, இலையெல்லாம் கொட்டிக் கம்பு மட்டும். காட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கழித்துவிட்டு எண்ணுகிறார்கள், ஒருவரும் கை வைப்பதில்லை. நானும் ஒவ்வொரு கிழமையும் போய் நிற்கிறேன், என் கை போகவில்லை. நீ வந்து எடுத்துப் போட்டுவிடு, ராசா, உன் கொப்பர் வெளியில் வரட்டும்.

ஐயனார் உன் காலடியில் கல்லைப் பெயராமல் வைத்திருக்கட்டும், நீ நூறு வயது நன்றாய் இருப்பாய். ஒடியல்மாவை வெயிலில் ஒருக்கால் காயவைத்து எடு. சனிக்கிழமை மறக்காமல் ஒரு சொல் அனுப்பு.

உன்னைத் தேடிக்கொண்டிருக்கும் அம்மா,
ஏ. ஜெகதீஸ்வரி