நிற்காத டிரம்

அக்கா,

கொழுந்தன் சிங்கப்பூரிலிருந்து மூன்று இசைத்தட்டுகள் கொண்டுவந்தான். ஒன்று ஜாஸ். ஒன்று இப்போது அங்கே எல்லாரும் ஆடுகிற ஹவுஸ் என்ற புது நடன இசை. மூன்றாவது நம்முடைய டிஸ்கோ. பழையதையே மறுபடி அச்சடித்து விற்கிறார்களாம். உறையைக் கிழித்ததும் வந்த வாசனையில் தாம்பரம் வீட்டு முன்னறை அப்படியே எதிரில் வந்து நின்றது.

ஊசியை வைத்தேன். இரண்டாவது பாட்டில் அந்தப் பெண் குரல் மேலே ஏறுகிற இடத்தில் உடம்பு தானாக இறுகிக்கொண்டது. நம் தட்டில் அங்கேதான் ஊசி குதிக்கும். அப்பா அம்மாவின் முடியைப் பிடித்துத் தள்ளி, அம்மாவின் நெற்றி பிளேயர் மேஜையில் மோதிய அன்று விழுந்த கீறல். தட்டில் தெறித்த ரத்தத்தை நீதான் ஈரத்துணியால் வட்டமாகத் துடைத்தாய். புதுத் தட்டில் பாட்டு அந்த இடத்தை வழுக்கிக்கொண்டு தாண்டிப் போயிற்று, அங்கே யாருக்கும் எதுவும் நடக்காதது போல.

அப்பா பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே நீ என்னை மடியில் இழுத்துக்கொண்டு வால்யூமை முழுக்கத் திருகுவாய். ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆங்கிலோ இந்தியக் குடும்பம் நமக்கு விட்டுச்சென்ற ஜாஸ் தட்டுகள் அத்தனை இருக்க, ஏன் எப்போதும் டிஸ்கோ என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜாஸ்ல நடுநடுவுல மூச்சு விடுவாங்கடி. அப்போ அம்மா சத்தம் கேட்டுடும். இதுல டிரம் நிக்கவே நிக்காது" என்றாய். பள்ளிச் சீருடையில் இருந்தாய் அப்போது.

உங்கள் வீட்டில் எப்போதும் பார்ட்டிதான் என்று சர்ச்சில் எதிர்வீட்டு ஆன்ட்டி கிண்டல் செய்வார். அம்மா முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு சிரிப்பாள்.

உன் கல்யாணத்தில் பிளேயரும் தட்டுகளும் சீரோடு மறைமலை நகர் போயின. உன் புருஷனிடம் நீ எல்லாவற்றையும் சொன்னாய், அந்த டிஸ்கோ எதற்கு என்பதையும். கேட்டு, உன்னைக் கட்டிக்கொண்டு அழுதானாம். அதை எனக்குச் சொன்னபோது உன் முகத்தில் எவ்வளவு நிம்மதி. பிறகு தட்டை அவனே போட ஆரம்பித்தான். ஜன்னலைச் சாத்துவான், வால்யூமைத் திருகுவான், அப்புறம்தான் கையை ஓங்குவான்.

"நம்ம பாட்டையே போடறான்டி." கடைசியாக வந்தபோது நீ சொன்னது அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்துப் போ என்று அம்மா உன்னை பஸ் ஏற்றினாள்.

அடுத்த முறை அவன் இஸ்திரிப்பெட்டியால் உன் தலையில் அடித்திருந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உன் மூச்சு நின்றிருந்தது. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, ஊசி நடுவில் உரசிக்கொண்டிருந்தது. வாசலில் உன் பக்கத்து வீட்டுக்காரர் போலீசிடம் சொன்னார்: "டிஸ்கோ சத்தமா போட்டுக்கினு இருந்தாங்க சார். ஏதோ பர்த்டேன்னு நெனச்சோம்."

எனக்கு இப்போது ஒரு மகன். தூங்குகிறவனின் மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். கதவு படீரென்று சாத்தினால் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொள்கிறேன். பாவம், இவர் இப்போதெல்லாம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சாத்துகிறார்.

இன்று மாலை தட்டை எடுத்து உறையில் போடும்போது மாடி போர்ஷனில் டேப் ரிகார்டர் சத்தம் திடீரென்று கடைசிவரை ஏறியது. நாங்கள் இருக்கும் இந்தக் கோவிலம்பாக்கத்தில் பாட்டுச் சத்தம் புதிதல்ல. ஆனால் அப்படி ஏறுவது எனக்குத் தெரியும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கிடைத்த டம்ளரோடு படியேறி, திறக்கும்வரை கதவைத் தட்டினேன்.

மேல்வீட்டுக்காரன் திறந்தான். சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. "இன்னாங்க?"

"தயிருக்கு உறை ஊத்தக் கொஞ்சம் மோர் வேணும். அவங்களையே கொண்டாரச் சொல்லுங்க."

"அவ வேலையா கீறா."

"பரவால்ல, நிக்கறேன்" என்று ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே வைத்தேன். டம்ளரை நீட்டினேன். குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்தான். அவன் போய்ப் பாட்டை நிறுத்தினான்.

அவள் வந்தாள். உதடு கிழிந்திருந்தது. மோரில் பாதி டம்ளருக்கு வெளியே சிந்தியது. கீழே வாங்க, பையனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கணும் என்றேன். செருப்புக்கூடப் போடாமல் என் பின்னால் இறங்கி வந்தாள். இப்போது உள்ளறையில் என் மகன் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

வீட்டில் ஒரு சட்டி நிறையத் தயிர் இருக்கிறது அக்கா. ஆனாலும் அந்த டம்ளரைக் கழுவி வாசல் பக்கமே கவிழ்த்து வைத்திருக்கிறேன்.