நாவலில் இல்லாத தாய்

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
செவ்வாய்.

அன்புள்ள அம்மாவுக்கு மாரீஸ்வரி எழுதுவது. நானும் இசக்கி அத்தையும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன். அதனால்தான் கடிதம்.

இன்றைய நாவல்களில் கிரேக்கப் புராணம் எப்படி மாறி வருகிறது என்ற என் ஆராய்ச்சியை நேற்று பேராசிரியர்கள் முன் வாசித்தேன். அந்தப் புராணத்தில் ஒரு பெண்ணைப் பாதாள ராஜா தூக்கிக்கொண்டு போவான். அவளுடைய அம்மா ஊர் ஊராகத் தேடுவாள். அந்தத் துக்கத்தில் பயிரெல்லாம் கருகிவிடும். நான் எடுத்திருக்கும் நாவலில் பெண் தானாகவே கிளம்பிப் பெருநகரத்துக்கு வேலைக்குப் போகிறாள்.

என் வழிகாட்டி சாருலதா மேடம் கேட்டார்: "பொண்ணு போயிட்டா, சரி. அம்மா என்ன பண்ணினா?"

"நாவல்ல அம்மாவப் பத்தி ஒண்ணுமே இல்ல மேடம்" என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். களைப்புதான், பயப்படாதே. மேடம் தண்ணீர் கொடுத்து, "ஏன் இல்லைன்னு ஒரு அத்தியாயம் எழுதும்மா. அது இல்லாம இது முடியாது" என்றார்.

அதனால் இன்னும் ஒரு வருஷம் ஆகும். பொங்கலுக்கும் வர முடியாது. அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய நூல் சேலை ஒன்று கொடுத்தனுப்பு. இங்கே போர்வை குத்துகிறது. தூக்கமே சரியில்லை. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தை கூப்பிடுகிறாள். ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. என்னை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்குப் போனாயே, அன்றைக்கு நீ என்ன செய்தாய்?

உன் மகள்,
மாரீஸ்வரி