அத்தா கட்டிவைத்த ஃபோர் வீல் கம்பி

என் உயிரான அத்தாவுக்கு,

உங்கள் மூத்த மகள் சபுரா எழுதுகிறேன். இதை ஊரே படித்தாலும் படிக்கட்டும். அத்தாவிடம் சொல்லாமல் செய்துவிட்டாள் என்று நாளைக்கு ஒருவரும் பேசக் கூடாது. உங்கள் ஜீப்பை டூ வீலுக்கு மாற்றிவிட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

நீங்கள் மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, கட்டுமாவடிக் கரையில் மீனை ஏற்றிக்கொண்டு ஆவுடையார்கோவில், அறந்தாங்கி என்று நானேதான் ஓட்டிப் போகிறேன். உங்கள் வாடிக்கைக்காரர்களில் ஒருவர்கூட விட்டுப் போகவில்லை. ஆனால் வருகிற லாபத்தையெல்லாம் ஜீப் குடித்துவிடுகிறது. டீசல் பங்கில் என்னைக் கண்டாலே சொந்தக்காரி வந்த மாதிரி சிரிக்கிறார்கள்.

போன வாரம் சாச்சா வீட்டுக்கு வந்தார். "வண்டிய வித்துப்புடுவோம்மா. டீசலுக்குத்தான் ஓடுது ஒன் யாவாரம். பொன்னமராவதியில ஒரு ஆளு கேக்குறாரு. வெள்ளிக்கிழம வந்து பாக்குறேன்னாரு" என்றார். உங்கள் தம்பி கெட்டது நினைக்கிறவர் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் வண்டி போனால் வியாபாரம் போகும். வியாபாரம் போனால் நான் யாரையாவது எதிர்பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார வேண்டும். அதற்கா எனக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கொடுத்தீர்கள்?

அன்றைக்கே ஜீப்பில் ஏறி உட்கார்ந்து யோசித்தேன். கியருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பிதான் கண்ணில் பட்டது. இழுத்தால் நாலு சக்கரமும் இழுக்கும், தள்ளினால் பின்னால் இருக்கிற இரண்டு மட்டும். அதை நாலில் வைத்து, நகர முடியாதபடி வலை பின்னுகிற நைலான் நூலால் சீட்டுக் காலோடு இறுக்கிக் கட்டியிருந்தீர்கள். ஒரு தடவை டூ வீலில் மணலில் இறங்கி, வண்டி புதைந்து, தண்ணீர் ஏறி, ஒரு லோடு மீன் அப்படியே போனதே, அதற்குப் பிறகு கட்டியது. மணலுக்கு அது சரி. அறந்தாங்கி ரோடு முழுக்கத் தார் அத்தா. அங்கே எதற்கு நாலும் இழுக்க வேண்டும்? வளைவில் டயர் தேய்கிற சத்தம் உங்கள் காதில் விழவே இல்லையா, இல்லை, விழுந்தும் பிடிவாதமா?

அவிழ்க்கப் போனேன். அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தா கட்டுனத அவுக்காதடி. அவுக கை பட்டது அது ஒண்ணுதான் அப்புடியே கெடக்கு." எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்தியை எடுத்திருந்தால் ஒரு நொடி வேலைதான். நாம் வலை நூலை அறுக்கிறவர்களா? பல்லாலும் நகத்தாலும் நெகிழ்த்தி நெகிழ்த்தி அவிழ்த்தேன். நூலை அம்மா கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தார்ச்சாலையில் வண்டி எவ்வளவு லேசாகப் போனது தெரியுமா? ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. டீசல் பாதியாகக் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கமாக நிற்கிற பங்கைத் தாண்டி, நிற்காமலே வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு என் கையில் ஏதோ மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை வந்தது. பொன்னமராவதி ஆளைச் சாச்சா நேராகக் கரைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர்களைப் பார்த்த படபடப்பில் கம்பியை மாற்ற மறந்து டூ வீலிலேயே மணலில் இறங்கிவிட்டேன். பின்சக்கரம் இரண்டும் அதே இடத்தில் சுற்றிச் சுற்றிப் புதைந்தன. நீங்கள் பயந்தது அப்படியே நடந்தது அத்தா.

"அண்ணன் சும்மாவா கட்டி வச்சாரு?" என்றார் சாச்சா. தள்ளுவதற்கு நாலைந்து பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

"யாரும் தொட வேணாம். அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க" என்றேன். கம்பியை இழுத்து நாலில் போட்டேன். முதல் கியரில் மெதுவாக, மிக மெதுவாக விட்டேன். முன்சக்கரம் மணலைப் பிடித்தது. ஜீப் முனகிக்கொண்டே மேலே ஏறி, தார் ஓரத்தில் போய் நின்றது. எல்லாரும் பார்க்க அங்கேயே கம்பியைத் தள்ளி மறுபடி இரண்டுக்குக் கொண்டுவந்தேன்.

பொன்னமராவதிக்காரர், "வண்டி நல்லாருக்கு, என்ன வெலை சொல்றீங்க?" என்று சாச்சாவைத்தான் கேட்டார். "ஓட்டுறது நாந்தாங்க. விக்கலைங்க" என்றேன் நான். சாச்சா மீன் ஐஸ் பெட்டியை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வண்டியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன், புதைந்ததையும் சேர்த்து. உள்ளே போய் அந்த நூலை எடுத்து வந்து என் கையில் வைத்து, "ஐஸ் பொட்டி மூடி ஆடுதுன்னியே, கட்டிக்க" என்றார். உங்கள் முடிச்சு எனக்கு வரவில்லை அத்தா. என் முடிச்சைத்தான் போட்டிருக்கிறேன்.

இனி மணலில் நாலு, தாரில் இரண்டு. இறங்கும்போதும் ஏறும்போதும் கம்பியைத் தொட்டுப் பார்க்காமல் போக மாட்டேன். இந்த வண்டி ஓடுகிற வரைக்கும் இன்னொருவர் கைக்குப் போகாது. விடிந்தால் கரையில் மீன் ஏலம் இருக்கிறது, போய் வாரேன்.

உங்கள் பிடிவாதத்தை அப்படியே வாங்கிக்கொண்ட மகள்,
சபுரா