முட்டைக்கு ஓடிய ரயில்

அன்பு நஜ்லாவுக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உனக்கும், துனிஸில் உன்னோடு ஒரே அறையில் தங்கிப் படிக்கும் பெண்களுக்கும் உண்டாகட்டும். இங்கே நலம். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

வஜ்தி நல்ல பையன், அவனைக் கட்டிக்கொள்ள ஏன் தடை சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். அவனை எனக்குத் தெரியாது. அவன் தாத்தா அம்மாரைத் தெரியும்.

நம் ஊருக்கு ஒரு கிளை ரயில்பாதை இருந்தது. மலையில் அறுக்கும் அல்ஃபா புல்லை ஏற்றிப் போகப் போட்டது; கடைசியில் ஆட்களுக்கு ஒரு பெட்டி. அம்மார்தான் கார்டு. டிக்கெட்டையும் அவனே பெட்டியில் கிழித்துக் கொடுக்க வேண்டும். அவன் கிழிக்கவில்லை. முட்டை, ரொட்டி, ஒரு கிண்ணம் ஹரிஸா மிளகாய் விழுது, எது கொடுத்தாலும் ஏற்றிக்கொள்வான். ஊரே அவனை வாழ்த்தியது. டவுனுக்குப் படிக்கப் போன உன் உம்மாவுக்கு மட்டும் நான் தினமும் டிக்கெட் கேட்டு வாங்கினேன். "அரசாங்கம் என்ன உன் மாப்பிள்ளையா அக்கா, இப்படி அள்ளிக் கொடுக்குற?" என்பான். பெட்டி முழுக்கச் சிரிக்கும்.

பிறகு அதிகாரிகள் கணக்குப் பார்த்தார்கள். உட்கார இடமில்லாமல் போன ரயில் அவர்கள் காகிதத்தில் காலியாக ஓடியிருந்தது. ஒரே ஒரு சிறுமி பயணம் செய்திருந்தாள். மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் கொண்டுபோனார்கள். மழைக்காலத்தில் பஸ் ஓடையைத் தாண்டி வராது. உன் உம்மாவின் படிப்பு அதோடு நின்றது. அம்மாருக்கு வேறு பாதையில் வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் ஸலாமுக்கு நான் பதில் சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை அவனே வந்தான். வாசலில் கம்பை ஊன்றிக்கொண்டு, "முட்டையத் தின்னது நான். அந்தப் பையன் அப்பப் பொறக்கவே இல்ல. திட்டணும்னா என்னைத் திட்டு அக்கா" என்றான்.

"மஞ்சக்கரு இன்னும் வாயில ஒட்டியிருக்கு. தொடச்சிக்கிட்டுப் பேசு" என்றேன். அவன் போகவில்லை.

உன் உம்மா உள்ளேயிருந்து வந்து அவனுக்கு நாற்காலி போட்டாள். காபி வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு உன்னை மேலே படிக்க வஜ்தி விடுவானா என்று மட்டும் கேட்டாள். "விடலைன்னா அவன் காலை நானே ஒடிக்கிறேன்மா" என்றான். "அது போதும்" என்றாள்.

எனக்குப் போதவில்லை. ஆனால் நின்றுபோனது அவள் படிப்பு, என்னுடையதல்ல.

ஒலிவக் காய் பறித்து முடிந்ததும் அவர்கள் பெண் கேட்டு வரட்டும். நானும் இருப்பேன். அம்மாருக்குப் பரிமாற மாட்டேன். அன்றைக்கு நீ என் பக்கத்தில் வேண்டாம், உன் உம்மா பக்கத்தில் உட்கார்.

பரீட்சையை விட்டுவிட்டு வராதே. அல்லாஹ் உன்னை நடுவழியில் இறக்கிவிடாமல், சேர வேண்டிய இடம்வரை கொண்டு சேர்க்கட்டும்.

உன் பாட்டி,
ஸால்ஹா