அறுபட்ட குறுக்கு உத்திரம்

தூத்துக்குடி,
1944, புரட்டாசி 20

சீனித்தாயின் அப்பாவுக்கு இசக்கியம்மாள் நமஸ்காரத்தோடு எழுதிக்கொண்டது. முழங்கால் வலி குறைந்ததா? முதலாளி வீட்டுச் சமையலில் எனக்குக் குறையொன்றுமில்லை.

நேற்று மீன் வாங்கப் போன இடத்தில், தோணி கட்டுகிறவர்களிடம் நம் வீட்டுக் குறுக்கு உத்திரம் கிடந்தது. நம் பிள்ளைகளின் தொட்டில் கயிறு உரசிய தடம் எனக்கா தெரியாது?

"இது எங்க வீட்டு மரம்லா!" என்றேன்.

"விளாத்திகுளத்துல ஒரு பெரியவரு வித்தாரு, ஆச்சி. எதையும் தாங்காம சும்மா கெடந்துச்சுன்னாரு," என்று ஆசாரி சிரித்தான்.

"சும்மாவா? ஏலே, மரவேலை செய்யுத நீயும் அதை நம்பினியாக்கும்!"

பாதியை ஏற்கெனவே அறுத்துவிட்டான்.

உங்களுக்கு எத்தனை தரம் சொன்னேன்? கூரையின் பாரம் இரண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளும். உங்கள் அப்பா மர முளை அடித்து மாட்டிய அந்த உத்திரம்தான் இரண்டையும் இழுத்துப் பிடித்திருந்தது. முன்பு என்னைக் கேட்காமல் தொழுவத்துத் தூணைப் பிடுங்கினீர்கள். தொழுவம் சரிந்து கிடாரி நசுங்கிச் செத்தது. அதை நான் மறக்கவில்லை.

மழை வருமுன் சுவர்களுக்கு வெளியிலிருந்து பனந்தடியால் முட்டுக்கொடுங்கள். உள்ளே படுக்காதீர்கள். உங்கள் தங்கை பேச்சி வீட்டுக்குப் போங்கள். என் பழைய கண்டாங்கிச் சேலையைப் போர்த்திக்கொள்ளுங்கள். தொட்டில் தடம் விழுந்த மரத்துண்டை ஆசாரியிடம் கேட்டு வாங்கிவிட்டேன். என் தலைமாட்டில் இருக்கிறது.

முதலாளியம்மா கூப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன். திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. அதைக் கேட்க நீங்கள் முழுசாக இருக்க வேண்டும்.